ராணி கேட்ட கோழிக்கூடு

"ராணியக்கா போயிட்டாங்கம்மா" என்று மகள் புஷ்பம் வாசலில் நின்று சொன்னபோது, கையிலிருந்த தேத்தண்ணி ஆறும்வரை நான் எழும்பவில்லை. ராகலைக் கடைவீதியில் கொமினிகேஷன் கடை வைத்திருந்த ராணியை உங்களில் பலருக்குத் தெரியும். வெளிநாடு போன எங்கள் தேயிலைத் தோட்ட லயத்துப் பிள்ளைகளின் ஈமெயில் எல்லாம் அவருடைய கடைக்குத்தான் வரும்.

தெரியாத முகவரியிலிருந்து வருவதைக் கொம்பியூட்டர் ஸ்பாம் என்று ஒதுக்கிவிடும். பிள்ளைகளின் கடிதம் அதில் விழாமலிருக்க, நம்பக்கூடிய முகவரிகளை ராணி ஒரு பட்டியலில் சேர்த்துவைப்பார். சும்மா சேர்க்கமாட்டார். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் என் தங்கை மகன் ஒருநாள் கடையில் நின்று மல்லுக்கட்டினான்.

"நம்ம ஆளுதானேக்கா, என்னையும் சேத்துவிடுங்க."

"நம்ம ஆளுன்னா வீட்டுக்கு வா, சோறு போடுறேன். லிஸ்டுல எடமில்ல."

புஷ்பத்தை வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்கு அனுப்பிவிட்டு, அவள் குரலே கேட்காத மாதங்களில் கையை விரித்தவன் அவன். இன்றைக்கும் நான் அவனோடு பேசுவதில்லை.

கடை திறந்ததும் ராணி முதலில் பார்ப்பது ஸ்பாமைத்தான். "கழிச்ச எலையிலயும் கொழுந்து கெடக்கும் பெரியம்மா" என்பார். அப்படித்தான் அந்தக் கடிதம் கிடைத்தது. 'நான் புஷ்பம். என் போனப் பிடுங்கிட்டாங்க. இது இன்னொரு பிள்ளையோட போன். அம்மாகிட்ட சொல்லி என்னயக் கூப்பிட்டுக்குங்க.'

நான் அழுதேன். ராணி அழவில்லை. பிள்ளைகள் பெயரில் ஏமாற்றுக் கடிதங்கள் வந்துகொண்டிருந்த காலம் அது. 'உங்க வீட்டுக் கோழிக்கூடு எந்தப் பக்கம்?' என்று மட்டும் எழுதிக் கேட்டார்.

"நமக்கு ஏதுடி கோழிக்கூடு?"

"பேசாம இருங்க பெரியம்மா. பொய்க்காரன்னா ஒரு பக்கத்தச் சொல்லுவான்."

மறுநாள் பதில் வந்தது. 'எங்க வீட்டுல ஏது கோழி? பக்கத்து வீட்டு மாரியாயியோட கோழி கீரைப் பாத்தியக் கிளறுனதுலருந்து அம்மாவுக்குக் கோழின்னாலே ஆகாது.'

ராணி சிரித்த சிரிப்பு வீதிக்கே கேட்டது. "உங்க கோவத்த யாராலயும் பொய்யா எழுத முடியாது பெரியம்மா" என்று என் கண்முன்னே அந்த முகவரியைச் சேர்த்தார். பிறகு வந்த ஒரு கடிதமும் ஸ்பாமில் விழவில்லை. அவற்றை வைத்துக்கொண்டு சிங்களத்தில் மனு எழுதி, கொழும்பில் அலுவலகம் அலுவலகமாக என்னோடு ஏறி இறங்கினார். புஷ்பம் வந்து சேர்ந்த அன்றே அந்த முகவரியைப் பட்டியலிலிருந்து எடுத்தும்விட்டார். "ஆளு வந்தாச்சு. அது இனி யாரு கையிலயோ."

சாவு வீட்டில் மாரியாயி என் பக்கத்தில் வந்து நின்றாள். அந்தக் கோழிச் சண்டையிலிருந்து நான் அவளோடு பேசியதில்லை. நகர்ந்து, உட்கார இடம் விட்டேன்.

ராணி எனக்கு விட்டுப்போனது என் மகளை. அவரோடு கடையில் நின்று பழகிய புஷ்பம்தான் இப்போது அதைத் திறக்கிறாள். முதலில் ஸ்பாமைத்தான் பார்க்கிறாள்.