தங்கச்சி கிடந்த புன்னை

பக்கத்து மனையில் டிராக்டருக்குப் பின்னால் மாட்டிய இயந்திரம் காலையிலிருந்து புதரை வெட்டிக்கொண்டிருக்கிறது. பச்சைக் கிளைகள் நசுங்கும் வாசனை வீடு முழுக்க வந்துவிட்டது.

குற்றாலம் போகும் வழியில் எங்களுக்கு ஒரு காட்டுநிலம் இருந்தது. அறுபதுகளில், எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, அதைத் தென்னந்தோப்பாக்க அப்பா வாடகை டிராக்டர் கொண்டுவந்தார். பிறந்து எட்டே நாளில் இறந்த என் தங்கையை அங்கேதான் ஒரு புன்னை மரத்தடியில் புதைத்திருந்தார்கள்.

அம்மா டிரைவரிடம் போனாள். "அண்ணாச்சி, அந்தப் புன்னைய மட்டும் விட்டுருங்க. அங்கன எம்பிள்ள கிடக்கா."

அவர் அப்பாவைப் பார்த்தார்.

"எல்லாத்தையும் எடுத்துரும்வே," என்றார் அப்பா, மரத்தின் பக்கம் திரும்பாமலே.

சங்கிலி கட்டி இழுத்ததும் மரம் வேரோடு சாய்ந்தது. சாரல் விழுந்துகொண்டிருந்தது. மத்தியானம் அம்மாதான் எல்லோருக்கும் சோறு போட்டாள். அப்பா மறுபடி குழம்பு கேட்டார், ஊற்றினாள். நானும் சாப்பிட்டேன். யாருக்கும் அழுகை வரவில்லை.

அதற்குப் பிறகு முப்பது வருஷம் இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அம்மா அவரிடம் எதுவும் வேண்டும் என்று கேட்டு நான் பார்த்ததில்லை.

"சத்தம் காதை அடைக்கு. சன்னலச் சாத்தட்டுமா அத்தை?" என்று மருமகள் வந்து கேட்டாள்.

சாயங்காலத்துக்குள் முடித்துவிடுவார்கள், இருக்கட்டும் என்றேன்.