முட்டி டாக்டரின் கை

எங்கள் ஆர்த்தோ சார் போய்விட்டார். இன்று காலையில்... தூக்கத்திலேயே.

போனில் கேட்டதும் என் வாயில் வந்தது "அப்பாடா"தான். தப்பாக நினைக்காதீர்கள். கடைசியாகப் பார்க்கப் போனபோது, டீ டம்ளர் வாய்க்குப் போவதற்குள் பாதி டீ அவர் சட்டையில் இருந்தது. அப்படி ஒரு நடுக்கம்.

ரிட்டயர் ஆகும்வரை அவரிடம் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்தவள் நான். போர்டில் ஸ்போர்ட்ஸ் மெடிசின் என்று இருக்கும். ஆனால் மதுரையைச் சுற்றியுள்ள கபடிப் பையன்களுக்கு அவர் முட்டி டாக்டர்.

"எப்ப சார் கிரவுண்டுல எறங்கலாம்?" என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான். "மொதல்ல தரையில சப்பணம் போட்டு உக்காந்து எந்திரி. அப்பறம் பேசுவோம்."

ஒரு பொங்கலுக்கு வார்டு டிவியில் ஜல்லிக்கட்டு. காளையின் திமிலைப் பிடித்துக்கொண்டு ஒருவன் தொங்குகிறான். சார் டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"சிஸ்டர், அது நம்ம தச்ச தோள்பட்டைதான?"

அவனேதான். கையைத் தூக்கவே கூடாது என்று சொல்லி அனுப்பிய ஆள்! சார் டிவியைப் பார்த்தே கண்டபடி திட்டினார். அப்புறம் என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "இருந்தாலும் பிடி எம்புட்டு நல்லா நிக்குது பாத்தீங்களா?" என்றார்.

இப்போது எழுதும்போதும் சிரிப்பு வருகிறது...

முட்டி ஆபரேஷனில் சின்னத் துளை போட்டு, கேமராவை உள்ளே விட்டு, ஸ்க்ரீனைப் பார்த்துத்தான் வேலை செய்வார்கள். கேமரா பிடித்த கை லேசாக அசைந்தாலும் ஸ்க்ரீன் மொத்தமும் ஆடும்.

தலைமுடி கருப்பாக இருந்த காலத்திலேயே சார் என்னிடம் சொல்லிவிட்டார். "என்னைக்காவது ஸ்க்ரீன் ஆடும் சிஸ்டர். எனக்கு அது தெரியாது. நீங்கதான் சொல்லணும்." பேச்சுக்குச் சொல்கிறார் என்று தலையாட்டி வைத்தேன்.

அந்த நாளும் வந்தது.

டேபிளில் எழுமலையிலிருந்து வந்த கபடிப் பிள்ளை. முட்டி எலும்புகளை இழுத்துப் பிடிக்கிற நார், லிகமென்ட், கிழிந்திருந்தது. போலீஸ் வேலைக்குக் காத்திருந்தவள். அந்த முட்டி சரியானால்தான் கபடியும் வேலையும்.

ஸ்க்ரீன் ஆடியது.

ஜூனியர் டாக்டர் தரையைப் பார்த்தார். மயக்க டாக்டர் மானிட்டரைப் பார்த்தார். இம்புட்டுப் பெரிய மனுஷனிடம் உங்கள் கை ஆடுகிறது என்று எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளையின் கால் என்ன ஆவது?

"சார்... ஸ்க்ரீன் ஆடுது."

"கேமராவ மாத்துங்க."

மாற்றினோம். அப்பவும் ஆடியது.

சார் கேமராவை ஜூனியரிடம் கொடுத்தார். "பிடிங்க தம்பி. நான் சொல்லச் சொல்லச் செய்ங்க." ரெண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்று, கடைசித் தையல்வரை சொல்லிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் கத்தியைத் தொடவே இல்லை.

என் வேலை போச்சு என்று வெளியே உட்கார்ந்திருந்தேன். சார் வந்தார்.

"சொல்றதுக்கு ஏன் இம்புட்டு யோசன? டீ குடிச்சீங்களா?"

அவ்வளவுதான். எனக்கு அப்படியே உயிர் வந்தது. அவர் முகத்திலும் ஏதோ பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

இன்று அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த எழுமலைப் பிள்ளை போலீஸ் யூனிஃபார்மிலேயே வந்திருந்தாள். பெட்டிக்குப் பக்கத்தில், தரையில், சப்பணம் போட்டு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் ரெண்டு கையையும் நெஞ்சின் மேல் சேர்த்து வைத்திருந்தார்கள். ரொம்ப நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அசையவே இல்லை.

ஸ்க்ரீன் ஆடல சார்... நிம்மதியாப் போயிட்டு வாங்க.