லேசிலும் லேசாக ஒரு பை

போன வருஷம் மே மாதம், கொல்கத்தாவில் நடந்தது இது. நியூ டவுனில் இருந்து ஹவுரா ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் என் பையைத் தொலைத்துவிட்டேன். பை தொலைவதெல்லாம் ஒரு கதையா என்று நீங்கள் கேட்கலாம். அந்தப் பையை வாங்க நான் பட்ட பாட்டைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

அதற்கு முந்தைய வருஷம் எனக்கு முதுகில் டிஸ்க் விலகி, மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தேன். நானோ காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள். ஓர் இடத்தில் உட்கார்ந்து காப்பி குடிக்கத் தெரியாது. அப்படிப்பட்டவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட யாராவது எடுத்துத் தர வேண்டியிருந்தது. கணவர் முகம் சுளிக்காமல்தான் செய்தார். ஆனாலும் "நீ இரு, நான் எடுக்கிறேன்" என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். திரும்ப ஆபீஸ் போக ஆரம்பித்த பிறகும் என் லேப்டாப் பையை ஆளாளுக்குப் பிடுங்கிக்கொண்டு நடந்தார்கள். அன்பால்தான் செய்தார்கள். எனக்குத்தான் பாத்ரூமில் போய் அழ வேண்டும்போல் இருக்கும்.

எங்கள் டீமில் ஒவ்வொரு கோடையிலும் வடக்கே மலைப்பக்கம் போய் இரண்டு ராத்திரி கூடாரம் போட்டுத் தங்குவார்கள். இந்த முறை நானும் வருகிறேன் என்று பெயர் கொடுத்தேன். டாக்டர் இரண்டு நிபந்தனைகளோடு சரி என்றார். முதுகில் சுமை லேசாக இருக்க வேண்டும். நடக்கும்போது முதுகைத் தாங்கும் இடுப்பு பெல்ட் போட்டே ஆக வேண்டும். பெல்ட் இல்லையென்றால் மலை இல்லை. மூன்றாவது நிபந்தனையை நானே போட்டுக்கொண்டேன். என் பையை என்னைத் தவிர யாரும் தொடக் கூடாது.

அம்மா கோவில்பட்டியிலிருந்து போனில் கத்தினாள். "முதுகு ஒடிஞ்சு கெடந்தவளுக்கு மலை என்ன வேண்டிக் கெடக்கு?" நான் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, பைகளை ஆன்லைனில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பை தேடும் பைத்தியம் பிடித்தது அப்போதுதான். நல்ல பஞ்சு வைத்த பை முதுகுக்கு இதமாக இருக்கும், ஆனால் காலியாகவே கனக்கும். லேசான பையை எடுத்தால் இடுப்பு வார் இருக்காது, பாரம் முழுக்கத் தோளில் இறங்கும். பெரிதாக வாங்கினால் இடம் இருக்கிறதே என்று கை கண்டதையும் திணிக்கும். வரவழைப்பதும் திருப்பி அனுப்புவதுமாக இருந்தேன். கொரியர்காரர் எங்கள் வீட்டு மணியை அடிக்கும்போதே "இதுவும் ரிட்டர்னா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். வந்த பையையெல்லாம் சமையலறைத் தராசில் நிறுத்தேன். அரிசி, துவரம்பருப்பு பாக்கெட்டுகளை உள்ளே அடைத்துக்கொண்டு எங்கள் அபார்ட்மென்ட் மாடிப்படியில் ஏறி இறங்கினேன். "நீ பை வாங்கப் போறியா, பொண்ணு பாக்கப் போறியா?" என்று கணவர் கேட்டார்.

கடைசியில் ஒன்று அமைந்தது. சாம்பல் நிறம். முதுகுப் பக்கம் வலை, அகலமான இடுப்பு வார், காலியாக இருந்தால் ஒரு பழைய பருத்திச் சேலை அளவுக்குக்கூடக் கனக்காது. அதற்குப் பிறகு உள்ளே போகும் சாமான்களோடு சண்டை. டூத் பிரஷ்ஷின் காம்பை வெட்டலாமா என்றுகூட யோசித்தேன்.

எதிர் வீட்டுப் பெண்மணியை நாங்கள் பௌதி என்று கூப்பிடுவோம். வங்காளத்தில் அண்ணிக்கு அதுதான் வார்த்தை. அவர் ஓர் ஆரஞ்சு நிற மங்கி கேப்பை, தலையும் காதும் மூடும் கம்பளிக் குல்லாயை, கொண்டுவந்து நீட்டினார். மலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டால் போதும், சித்திரை வெயிலானாலும் மங்கி கேப் இல்லாமல் எந்த வங்காளியும் உங்களை வழியனுப்ப மாட்டார்கள். தராசில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் அது பைக்குள் இருந்தது. எடுத்துக்கொண்டுபோய் அவர் வீட்டு ஷூ ஸ்டாண்டில் வைத்துவிட்டு வந்தேன். நானும் சளைத்தவளில்லை, பௌதியும் சளைத்தவரில்லை.

கிளம்பும் நாளன்று கணவர் ஆபீஸ் வேலையாக வெளியூரில் இருந்தார். காலையில் திடீரென்று காற்றும் மழையும் அடித்து ஓய்ந்ததில் டாக்ஸி ஆப்பில் ஒரு வண்டியும் சிக்கவில்லை. மதியம் ரயில். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரி வாசலுக்கும் ரோட்டுக்கும் நடந்துவிட்டு, வந்த ஹவுரா பஸ்ஸில் ஏறிவிட்டேன். புழுக்கம் தாங்காமல் பெல்ட்டைக் கழற்றிப் பைக்குள் வைத்திருந்தேன்.

பஸ்ஸில் நிற்க இடம் கிடைத்ததே பெரிது. நம் ஊர் பஸ் மாதிரியேதான் இங்கேயும். உட்கார்ந்திருப்பவர் நிற்பவருடைய பையைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். எனக்கு முன்னால் என் வயதுப் பெண் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கையில் மடக்குக் குடை, மடியில் அவருடைய சொந்தப் பை. "திதி, பையைக் கொடுங்கள்" என்று வங்காள மொழியில் கேட்டார். திதி என்றால் அக்கா. வேண்டாம் என்று தலையாட்டினேன். அடுத்த பள்ளத்தில் பஸ் தூக்கிப் போட்டது. முதுகில் சுளீரென்றது. அவர் மறுபேச்சுப் பேசாமல் என் தோளிலிருந்து பையை உருவி மடியில் வைத்துக்கொண்டார். "எத்தோ ஹால்கா!" என்றார். இவ்வளவு லேசா என்று அர்த்தம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஹவுரா பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் நின்றுவிட்டது. முன்னாலும் வண்டி, பின்னாலும் வண்டி. இப்படி ஆனால் இறங்கிப் பாலத்தை நடந்தே கடப்பது இங்கே வழக்கம். கண்டக்டர் "ஹவுரா போகிறவர்கள் நடந்துவிடுங்கள்" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் நான் கீழே குதித்திருந்தேன்.

பாலத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நடந்தேன். கீழே ஆறு, மழைக்குப் பிந்தைய காற்று. கையை வீசி நடந்தேன். முதுகில் ஒரு வலி இல்லை, தோளில் ஓர் அழுத்தம் இல்லை. பை இருப்பதே தெரியவில்லை, என்ன அருமையான பை, அத்தனை நாள் தேடியதற்குப் பலன் கிடைத்தது என்று எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டேன். ஒரு வருஷத்துக்குப் பிறகு என் சுமையை நானே சுமந்து நடக்கிறேன் என்று நினைத்தபோது கண்கூடக் கலங்கியது. பாதிப் பாலம் தாண்டியதும் தாகமெடுத்தது. தண்ணீர் பாட்டிலுக்காகப் பின்னால் கையை விட்டேன். கை என் சட்டையில் பட்டது.

இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடினாளாம் என்பார்கள். நான் இல்லாத பிள்ளையை இடுப்பில் இருப்பதாக நினைத்துக் கொஞ்சிக்கொண்டு வந்திருக்கிறேன்.

ஓடக் கூடாது என்று டாக்டர் சொன்னதெல்லாம் மறந்துவிட்டது. எதிரே வரும் கூட்டத்தை இடித்துக்கொண்டு திரும்பி ஓடினேன். பஸ் நம்பரைக் கவனித்திருக்கவில்லை. ஒவ்வொரு பஸ் ஜன்னலிலும் எட்டிப் பார்த்தேன். என் பஸ் கிடைத்தபோது அது பாதிக்கு மேல் காலியாக இருந்தது. அந்த ஸீட்டில் வேறொருவர் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தார். கண்டக்டருக்கு எதுவும் தெரியவில்லை.

பெல்ட் அதற்குள்தான். பெல்ட் இல்லையென்றால் மலை இல்லை. அம்மா சொன்னதுதான் சரி, நான் படுத்தே கிடக்க வேண்டியவள்தான் என்று தோன்றிவிட்டது. வரவில்லை என்று நேரில் சொல்லிவிட்டுத் திரும்பலாம் என்று ஸ்டேஷனுக்கு நடந்தேன். டீம் முழுவதும் பெரிய கடிகாரத்துக்குக் கீழே காத்திருந்தது. ஹவுராவில் யாரைப் பார்ப்பதானாலும் அந்தக் கடிகாரத்தடிதான்.

உள்ளே தலைகளைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. சாம்பல் நிற முதுகுப் பைகளே நூறு போயின. அப்போது கடிகாரத்துக்குக் கீழே கூட்டத்தின் தலைக்கு மேல் ஏதோ ஆரஞ்சு நிறத்தில் ஆடியது. ஒரு குடையின் நுனியில் மாட்டிய மங்கி கேப்.

ஒரு கையில் குடையை உயர்த்தி, மறு கையில் என் பையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் பார்த்த அந்தப் பெண் நின்றிருந்தார். என் டீம் ஆட்கள் பக்கத்திலேயே நின்று அவரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள், அது என் பை என்று தெரியாமல். பௌதி கடைசியாக எப்போது அதை உள்ளே திணித்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அரைகுறை வங்காள மொழியில் ஏதோ உளறினேன். அவர் சொன்னது இதுதான்: "அவ்வளவு லேசா இருந்துச்சு திதி, மடியில இருந்ததை நானும் மறந்துட்டேன். எழுந்ததும் கீழ விழுந்துச்சு. நீங்க அதுக்குள்ள ஓடிட்டீங்க. ஹவுராவில தொலைச்சவங்க கடைசியில கடிகாரத்துக்குத்தானே வரணும்?" கடிகாரத்தடியில் சாம்பல் நிறப் பையோடு சும்மா நின்றால் யார் கண்ணிலும் படாது, அதனால் உள்ளே கலர் எதுவும் கிடைக்குமா என்று தேடினாராம். பையைத் திறந்ததற்கு மன்னிப்பு வேறு கேட்டார். அவருடைய லோக்கல் ரயில் போய்விட்டிருந்தது. அடுத்தது இருக்கிறது என்று கையை வீசினார்.

பையை வாங்கக் கை நீட்டினேன். அவர் தரவில்லை. என்னைத் திருப்பி நிறுத்தி, அவரே மாட்டிவிட்டு, இடுப்பு வாரையும் இழுத்துக் கட்டினார். ஸ்கூலுக்குப் போகும் பிள்ளை மாதிரி நின்றேன். "நான் எடுத்துக்கிறேன்" என்ற வழக்கமான வார்த்தை வாய்வரை வந்து, அப்படியே உள்ளே போய்விட்டது.

மலையில் ராத்திரி அடித்த குளிரில் அந்த மங்கி கேப்பைக் காது மூடப் போட்டுக்கொண்டுதான் தூங்கினேன். திரும்பி வந்ததும் பௌதியிடம் முழுக் கதையையும் சொன்னேன். "அடுத்த தடவை மஃப்ளரும் வைக்கிறேன்" என்றார்.

இப்போதும் என்னால் ஓர் இடத்தில் உட்கார முடிவதில்லை. பஸ்ஸில் ஸீட் கிடைத்தால் மட்டும் முன்னால் நிற்பவரின் பையைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொள்கிறேன். அவர் இறங்கும் வரை என் கண் அவர் மேலேயே இருக்கும். என் சுமையை யாரும் தொடக் கூடாது என்று வீறாப்பாக இருந்தவளுக்கு, கொடுத்ததைத் திரும்ப வாங்கத்தான் மறந்துபோனது என்பதை நினைத்தால், ஆடும் பஸ்ஸில் இன்றும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வருகின்றன.