இறங்கலாம் என்று எழுதிய போர்டு

சத்தியமாக நடந்தது இது. என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, வாய் கூசாமல் புளுகுகிற ஆள்தான். போர்டு எழுதுவது தொழில். பொய்யைப் பெரிய எழுத்தில் எழுதிப் பழகிய கை. ஆனால் இதைச் சொல்லும்போது மட்டும் அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

ஆள் நடமாட்டம் இல்லாத ஆற்றோரம் ஒரு விடுதி. பயணிகள் படகில்தான் வருவார்கள். படித்துறையின் மேல்படியில், ஆற்றைப் பார்த்தபடி, அரசாங்கம் புதிதாக வைத்த போர்டு: ‘முதலை உண்டு. இங்கே இறங்காதீர்.’

“இதப் பாத்துட்டு வர்றவன் அப்படியே திரும்பிப் போயிடுறான். அழிச்சிட்டு, இங்கே இறங்கலாம்னு எழுது” என்றார் விடுதி முதலாளி.

“நெசமாவே முதலை இல்லையாண்ணே?”

“நீ என்ன கலெக்டரா? எழுதுப்பா.”

மச்சானுக்கு மனசு உறுத்தியது. ஆனாலும் முழுக்க வெள்ளை அடித்தான். அது காய்ந்ததும் கீழ்வரியில் ‘இங்கே இறங்கலாம்’ என்று எழுதினான். மேல்வரியில் விடுதியின் பெயர் வரவேண்டும். அதை மறுநாளைக்கு என்று வெறுமையாக விட்டான்.

பொழுது சாய்ந்தது. வெள்ளை அடித்த பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

களுக்...

கடைசிப் படியில் ஒரு பெண். முழங்கால் தண்ணீரில் நின்று, தகர வாளியில் மொண்டுகொண்டிருந்தாள். அவனைத் தாண்டாமல் அங்கே இறங்க வழியே கிடையாது. யாரும் அவனைத் தாண்டவில்லை.

“அக்கா, மேல ஏறுங்க! முதலை இருக்கு!”

கத்திக்கொண்டே இறங்கி, பெயின்ட் கையோடு வாளியின் பிடியைப் பற்றி இழுத்தான். வாளி அசையவில்லை. அவளும் திரும்பவில்லை.

“இறங்கலாம்னுதானே தம்பி எழுதியிருக்க?”



“அவரு... எழுதச் சொன்னாருக்கா.”

“எங்கிட்டயும் அப்படித்தான் சொன்னாரு. மோட்டார் ரிப்பேரு, ஆத்துல மொண்டுக்க, ஒண்ணும் ஆகாதுன்னாரு. தினமும் இதே நேரம், இதே படி. அது அடியில கெடந்து பாத்துக்கிட்டே இருந்திருக்கு...”

கையை உதறிக்கொண்டு அவன் மேலே ஏறினான்.

“அவர வரச் சொல்லு.”

களுக்.

படியில் யாரும் இல்லை. தண்ணீரில் சிறு அலைகூட இல்லை.

போர்டைப் பார்த்தான். வெறுமையாக விட்ட மேல்வரியில், வெள்ளைக்கு அடியிலிருந்து எழுத்துகள் கசிந்தன.

மு... த... ல...

பழைய ‘முதலை’தான் எட்டிப்பார்க்கிறது என்று நினைத்தான். ஆனால் ‘ல’வுக்குப் பக்கத்தில் ஒரு துணைக்கால் முளைத்தது. அடுத்து, ஒரு ‘ளி’.

‘முதலாளி இங்கே இறங்கலாம்.’

விழுந்தடித்து ஓடினான்.

“அண்ணே... போர்டுல உங்களத்தான் எழுதியிருக்கு. போகாதீங்க!”

“எழுதினவனே நீதான். திமிராடா?”

படகில் வருகிறவர்களுக்கென்று வைத்த பெரிய போர்டு, ஆற்றைப் பார்த்து உயரத்தில் நின்றது. முழுதும் படிக்கக் கடைசிப் படிக்குத்தான் போகவேண்டும்.

போனார்.

அண்ணாந்தார்.

களுக்.

அலறக்கூட நேரம் கிடைக்கவில்லை. எனக்குப் பரிதாபம் வரவில்லை. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தான் ஆகவேண்டும்.

விடுதியின் காவல்காரர் மறுநாள்தான் விஷயத்தைச் சொன்னார். இரண்டு மாதம் முன்பு சமையல்காரப் பெண்ணை முதலை இழுத்துப் போனது அதே படியில். அதன் பிறகுதான் அந்த போர்டே வந்தது. அவளுடைய வாளி மட்டும் கரை ஒதுங்கியது. யார் கண்ணிலும் படக்கூடாது என்று முதலாளி அதை ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டினார். சாவி எப்போதும் அவர் இடுப்பில். அதுவும் அவரோடு ஆற்றுக்குள் போய்விட்டது.

பூட்டை உடைத்தார்கள்.

மூலையில் வாளி. பிடியில் வெள்ளை பெயின்ட்டில் ஐந்து விரல். மச்சான் தன் கையை வைத்துப் பார்த்தான். அச்சாகப் பொருந்தியது.

வாளி நிறைய ஆற்றுத் தண்ணீர்.

அதில் மிதந்துகொண்டிருந்தது... முதலாளியின் ஒற்றைச் செருப்பு.