லாரி நின்ற மனை

வீடு கட்ட வேண்டிய மனையில் நாலு வருஷம் ஒரு லாரி நின்றது. லாரி என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான். முதல் வருஷம் அது வெறும் இரும்புச் சட்டமும் சக்கரங்களும். சக்கரத்திலும் இரண்டில் டயர் கிடையாது. பெங்களூர் ஓரத்துத் தொம்மலூரில் மாடு மேய்க்கிறவர்கள் அதில் எருமையைக் கட்டிவிட்டு நிழல் தேடிப் போய்விடுவார்கள். அப்பா எனக்கு வைத்துவிட்டுப் போன சொத்து அந்த மனை. அதன் நடுவில் என் கணவர் கொண்டுவந்து நிறுத்திய சொத்து இது.

அப்பா ஒரு வெள்ளைக்கார ரெஜிமெண்ட்டின் மெஸ்ஸில் பட்லராக இருந்தவர். நான் பிறந்ததும் வளர்ந்ததும் அந்த மெஸ்ஸுக்குப் பின்னால் இருந்த வேலைக்காரர் குவார்ட்டர்ஸில்தான். நாற்பத்தேழில் ரெஜிமெண்ட் கப்பலேறிப் போனது. உடனே குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். கல்யாணமாகி நான் அப்போது அல்சூரில் வாடகை வீட்டில் இருந்தேன். ஒரு கைவண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு வந்த அப்பா வாசலிலேயே நின்று, "உள்ள வரலாமாம்மா?" என்று கேட்டார். பெற்ற மகளிடம் கேட்கிற கேள்வியா அது!

சேர்த்து வைத்திருந்ததில் தொம்மலூரில் அந்த மனையை என் பெயரில் வாங்கினார். மிச்சத்தைத் தபாலாபீஸில், அதுவும் என் பெயரிலேயே போட்டார். "உன்னை யாரும் காலி பண்ணுன்னு சொல்லக்கூடாது. அதுக்குத்தான் இது. வேற எதுக்கும் தொடாதே" என்றார். வீடு எழும்புவதைப் பார்க்க அவர் இருக்கவில்லை.

என் கணவர் ராணுவ டிப்போவில் குமாஸ்தா. குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார். பெங்களூரில் இருந்துகொண்டு குதிரைப் பந்தயம் பக்கம் போகாத குமாஸ்தாவை மாப்பிள்ளையாகப் பிடித்ததில் அப்பாவுக்கு ரொம்பப் பெருமை. அந்தப் பெருமையில் மண்ணைப் போட்டது லாரி. சண்டை முடிந்து, பட்டாளத்து வண்டிகளையெல்லாம் டிஸ்போசல் என்று ஏலம் விட்டுக்கொண்டிருந்த காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைத் தொம்மலூருக்கு அழைத்துப் போய்க் காட்டினார்.

"இன்னாங்க இது?"

"சேஸிஸ்!" என்றார், ஆண் குழந்தை பிறந்த செய்தி சொல்கிறவரைப் போல. "அடிமாட்டு விலைக்கு வந்துச்சு. இதுக்கு மேல ஒண்ணொண்ணா சேர்த்துக்கினே போனா முழு லாரி ஆயிடும்."

"லாரி ஓட்டத் தெரியுமா உங்களுக்கு?"

"ஓட்டறதுக்கு டிரைவருங்க இருக்காங்களே, நான் ஏன் ஓட்டணும்?"

இந்த மனுஷரிடம் என்னத்தைச் சொல்வது? அன்றைக்கே பேசி முடிவு பண்ணினோம். சம்பளத்தில் மிச்சம் பிடித்து அவர் எதை வேண்டுமானாலும் வாங்கட்டும். அப்பா பணத்தில் கை வைக்கக் கூடாது. அஸ்திவாரம் தோண்டுகிற நாள் வந்தால் லாரி வெளியே போய்விட வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தலையாட்டுவதில் அவருக்கு ஈடே கிடையாது.

சும்மா சொல்லக் கூடாது, இரண்டு வருஷம் வார்த்தையைக் காப்பாற்றினார். ஒரு வண்டியின் கியர்பாக்ஸ், இன்னொன்றின் ரேடியேட்டர் என்று எங்கெங்கிருந்தோ பொறுக்கிக்கொண்டு வந்தார். வீட்டில் மண்ணெண்ணெய் அடுப்புக்கு இருக்காது. போல்ட் நட்டுகள் அதில் ஊறிக்கொண்டிருக்கும். தீபாவளிக்கு எனக்கு வாங்கிய புடவையைவிட ஸ்டியரிங் சக்கரத்துக்கு வாங்கிய உறை உசத்தி. நான் கத்துவேன். அவர் சிரித்துக்கொண்டே கையைத் துடைப்பார், துடைப்பது என்னவோ என் துண்டில்தான்.

மூன்றாவது வருஷம் ஒரு நல்ல எஞ்சின் ஏலத்துக்கு வந்தது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன். டிப்போவில் தன்னைவிடச் சின்னவர்களிடமெல்லாம் திட்டு வாங்கிக்கொண்டு வீட்டில் வந்து வாயே திறக்காத மனுஷர், அந்த மனையில் மட்டும்தான் சீட்டியடித்துக்கொண்டு நடப்பார். அதை நினைத்துத்தான் தபாலாபீஸில் பணம் எடுக்கக் கையெழுத்துப் போட்டேன். அப்பாவின் முகம் கண்ணெதிரே வந்து நின்றது. பார்க்காதது போல வெளியே வந்துவிட்டேன்.

எஞ்சின் ஓடின அன்றைக்குத் தொம்மலூரே கூடிவிட்டது. புகையும் சத்தமும், கட்டியிருந்த எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓட்டமும்! அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன். சரி, முடிந்தது, இனி விற்றுவிடலாம் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க, அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் எஞ்சினைக் கழற்றிச் சாக்கின் மேல் பரப்பி வைத்திருக்கிறார்.

"ஏங்க, ஓடிச்சே!"

"ஓடிச்சு. சத்தம் சரியில்ல."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இவருக்கு லாரி வேண்டியதில்லை; லாரி கட்டுவதுதான் வேண்டும். முடிந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைக்கு எங்கே போவார்?

இந்த நிலையில் எங்கள் வாடகை வீட்டின் சொந்தக்காரர் வந்து நின்றார். அவர் மகனுக்குக் கல்யாணமாம், சித்திரைக்குள் வீடு வேண்டுமாம். "ரெண்டு பேர்தானேம்மா நீங்க, எங்க வேணா ஒண்டிக்கலாம். காலி பண்ணிக் குடுத்துடுங்க" என்றார். அப்பா பயந்த அதே வார்த்தை! அன்று என் கணவரை நான் பேசின பேச்சை எழுத முடியாது. அவர் போய், கழற்றிப் போட்டிருந்த எஞ்சினைத் திரும்ப மாட்டினார். மறுநாளே கலாசிப்பாளையத்திலிருந்து லாரி வாங்கி விற்கிற ஒருவரை மனைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்.

வந்தவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எஞ்சினை ஓட்டச் சொல்லிக் கேட்டார். "வண்டி தங்கமா இருக்கு. ஆனா பாடி இல்லாத வண்டிக்கு இரும்பு விலைதான். கேபின் வச்சு, பின்னால பலகையடிச்சு, பாடி கட்டிக் குடுங்க. நானே எடுத்துக்கறேன்" என்று ஒரு விலை சொன்னார். இரும்பு விலையில் ஒரு சுவர்கூட எழும்பாது. பாடி கட்டின விலை வந்தால் எஞ்சினுக்குப் போட்ட பணமும் திரும்பி, தளம் போடுகிற வரைக்கும் வந்துவிடும். ஆனால் பாடி கட்ட அப்பா பணத்தில் பாதியை எடுக்க வேண்டும். போன பணத்தை மீட்க இருக்கிற பணத்தையும் அனுப்பு என்கிறது லாரி! ராத்திரியெல்லாம் புரண்டேன். காலையில் அவரைச் சாமி படத்துக்கு முன்னால் நிறுத்தி, "பாடி ஆன மறுநாள் வண்டி கைமாறணும்" என்று சத்தியம் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

கலாசிப்பாளையத்துப் பாடி ஷெட்டில் பேசி முடித்தார்கள். தெருக்கோடி பேக்கரியில் போன் இருந்தது. அந்தக் கடைக்கார சாயபுவிடம் போய், "ஷெட்டுலேர்ந்து போன் வரும், பாடி ரெடின்னு சொல்லுவாங்க. வூட்ல சொல்லிடுங்க" என்று என் கணவர் சொல்லி வைத்தார். அதோடு தெரு முழுக்க இதே பேச்சாகிவிட்டது. குழாயடியில் நின்றால், "இன்னாக்கா, பாடி ஆச்சா?" ரொட்டி வாங்கப் போனால், "பாடி எப்போம்மா வருது?"

வண்டியை மனையிலிருந்து கட்டி இழுத்துப் போன அன்று, கீழே கிடந்த பழைய பெட்டிப் பலகையின் துருப்பிடித்த ஆணி அவர் காலில் ஏறிவிட்டது. மண்ணெண்ணெயை ஊற்றித் துணியைச் சுற்றிக்கொண்டார். ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்று நான் கரடியாகக் கத்தினேன். "ஆணி குத்தாத காலு மெக்கானிக் காலா?" என்றார். குமாஸ்தாவுக்குப் பேச்சைப் பார்! நான் காலியான மனையில் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு, இங்கே அடுப்பங்கரை, இங்கே கூடம் என்று கோடு போட்டேன். மேஸ்திரி அஸ்திவாரத்துக்கு நாள் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார்.

அடுத்த வாரம் ஒரு காலையில் அவரால் வாயைத் திறக்க முடியவில்லை. பல்வலி என்றுதான் நினைத்தோம். மத்தியானத்துக்குள் கழுத்து விறைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில், ஆணி குத்தின புண்ணிலிருந்து வந்த ரண ஜன்னி என்றார்கள். வெளிச்சம் பட்டாலும் சத்தம் கேட்டாலும் உடம்பு இழுக்கும் என்று இருட்டறையில் படுக்க வைத்து, என்னைக்கூட உள்ளே விடவில்லை. ஏதாவது என்றால் சொல்லியனுப்ப விலாசமும் போன் நம்பரும் கேட்டார்கள். பேக்கரி நம்பரைத்தான் கொடுத்தேன், வேறு நம்பர் எங்களுக்கு ஏது? தினமும் வராந்தாவில் போய் நிற்பேன். ஒரு நாள் சாயங்காலம் நர்ஸம்மா கதவுக்கு வெளியே வந்து, "இன்னிக்குப் பரவால்லம்மா. கஞ்சி கொஞ்சம் இறங்கிச்சு. வீட்டுக்குப் போய்த் தூங்குங்க" என்றார். போய்த் தூங்கினேன்.

மறுநாள் காலையில் சாயபு கடையை அப்படியே விட்டுவிட்டு வேகவேகமாக வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "அம்மா, போன் வந்துச்சு! உங்க வூட்டுக்காரரு பாடி ரெடியாம். வந்து எடுத்துக்கினு போவணுமாம். மிட்டாய் குடுக்கணும், ஆமா!" என்றார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தலைக்குக் குளித்து, நல்ல புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டேன். தேங்காய், எலுமிச்சம்பழம், கற்பூரம் எல்லாம் கூடையில் எடுத்துக்கொண்டேன். வண்டிக்குப் பூஜை போட்டுவிட்டு, குங்குமத்தை எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், பாடி முடிந்தது என்று நர்ஸம்மாவிடம் சொல்லி அவர் காதில் போடச் சொல்ல வேண்டும். அதைக் கேட்டாலே பாதி உடம்பு சரியாகிவிடும் அவருக்கு. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாள் கூடையைப் பார்த்துவிட்டு, என்ன பூஜை என்று கன்னடத்தில் கேட்டாள். எங்கள் லாரிக்கு என்று சொன்னேன். எங்கள் லாரி என்று அதுவரை நான் சொன்னதே இல்லை.

ஷெட்டில் வண்டி மூலையில் நின்றது. கேபினுக்குச் சட்டம் மட்டும் நிறுத்தியிருந்தார்கள். பின்னால் ஒன்றுமே இல்லை. ஷெட் ஆசாரி எழுந்து வந்தார்.

"இன்னும் பலகையே அறுக்கலையேம்மா. யாரு ரெடின்னு சொன்னது?"

"போன் வந்துச்சே. பாடி ரெடி, வந்து எடுத்துக்கங்கன்னு."

"நாங்க யாரும் போன் பண்ணலையே." சொல்லிவிட்டு என் கூடையைப் பார்த்தார், தலையில் இருந்த பூவைப் பார்த்தார். "சாரு எங்கம்மா?"

"ஆஸ்பத்திரில" என்றேன்.

அவர் என் கையிலிருந்த கூடையை மெதுவாக வாங்கிக் கீழே வைத்தார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தபோதுதான் உறைத்தது.

ஆஸ்பத்திரிக்கு அவர்தான் கூட வந்தார். விடியற்காலையிலேயே உயிர் போய்விட்டதாம். காலையிலேயே போன் பண்ணிச் சொல்லியும் இவ்வளவு நேரம் ஏன் யாரும் வரவில்லை என்று கேட்டார்கள். எடுக்கிற அன்று சாயபு தெருவில் நின்று தலையில் அடித்துக்கொண்டு, "என் நாக்கு அழுவிப் போவட்டும்மா" என்று அழுதார். அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. என் கோபமெல்லாம் படுத்துக்கிடந்த அந்த மனுஷர் மேல்தான். ஒரு ஊசி போட்டுக்கொள்ள நேரமில்லாதவருக்கு லாரி கட்ட நாலு வருஷம் நேரம் இருந்தது.

ஆசாரி சொன்ன விலையிலேயே வண்டியை முடித்துக் கொடுத்தார். கலாசிப்பாளையத்துக்காரரும் பேச்சு மாறாமல் எடுத்துக்கொண்டார். அந்தப் பணத்திலும் அப்பா விட்டுப்போன மிச்சத்திலும் தொம்மலூர் வீடு எழும்பியது. இதை எழுதுவது அதன் கூடத்தில் உட்கார்ந்துதான். யாரும் என்னைக் காலி பண்ணச் சொல்ல முடியாது. ஒண்டியாக இருந்துகொண்டு அப்பன் சொத்தை வீணாக்காமல் எவ்வளவு சமர்த்தாகச் சமாளித்தாள் என்று உறவுக்காரர்கள் இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள்.

அவர் போனதைப் பற்றி என்னிடம் எல்லோரும் பேசிவிட்டார்கள், நானும் வேண்டிய மட்டும் அழுதுவிட்டேன். அந்த பஸ்ஸைப் பற்றித்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை. அவர் ஆஸ்பத்திரியில் உயிரில்லாமல் கிடக்க, நான் பூ வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, வீட்டுக்கு எந்தப் பக்கம் வாசல் வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டு போனேன். கல்யாணமானதிலிருந்து அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.