பந்துத் தரையில் மஞ்சள் திட்டு

எங்கள் நைனா சந்தேகப்படாத ஒரே பொருள் புல்தான். மழை பெய்தால் வளரும், அறுத்தால் படுக்கும், அதற்குப் பின்னால் இருந்து யாரும் தூண்டிவிடுவதில்லை என்பது அவர் கட்சி. மற்றபடி ஆடு மேய்ப்பவர், துணி வெளுக்கிறவர்களின் கழுதை, கோட்டைத் துபாஷி, என் மாமா என்று எல்லார் மேலும் அவருக்கு ஒரு கண் இருந்தது. அந்தக் கண்ணில் பாதி எனக்கும் வந்திருந்தது. அப்போது எனக்கு எட்டு வயது இருக்கலாம்.

நான் சொல்வது பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் இருந்த காலம். நாங்கள் கடலோரக் குப்பத்து ஜனம். புயலில் கட்டுமரம் போன வருஷம், நைனா கோட்டைக்குப் புல் அறுக்கும் வேலையைப் பிடித்தார். அகழியைச் சுற்றிய சரிவில் ஆள் ஒளியும் அளவுக்குப் புல் நிற்கக்கூடாது. அது ஒரு வேலை. அதைவிடப் பெரிய வேலை, கடல் தண்ணீர் ஏறுகிற ஏரிப் பக்கம் தாழை வேலிக்குப் பின்னால் இருந்த பந்துத் தரை. சாயங்காலங்களில் துரைமார் அங்கே மரப்பந்து உருட்டி விளையாடுவார்கள். பந்து எங்கும் தட்டாமல் ஓட வேண்டும். நைனாவும் மாமாவும் குந்தியபடியே நகர்ந்து நகர்ந்து, தரையோடு தரையாக அரிவாளை ஓட்டுவார்கள். முடிந்ததும் நைனா ஒரு பனங்காயை உருட்டிவிட்டுப் பார்ப்பார். அது கோணலாக ஓடினால் மாமா அறுத்த பக்கம்தான் சரியில்லை.

புல் வேலை லேசு என்று குப்பத்தில் கேலி செய்தார்கள். செய்து பார்த்தால் தெரியும். மழை மாதத்தில் இந்தக் கோடியை முடிப்பதற்குள் அந்தக் கோடியில் முளைத்து நிற்கும். வெயில் காலத்தில் குதிரை லாயக்காரர் எங்கள் கட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இதைக் குதிரை தின்னுமா, கூரைக்குப் போடுவதா என்று கேட்பார். கல்லில் பட்டு அரிவாள் மழுங்கும். ஒருமுறை பந்து ஏதோ புல்லின் அடிக்கட்டையில் தட்டி ஒரு துரை தோற்றுப்போனார். அதற்கு நைனா அரைநாள் வெயிலில் நின்றார். அறுத்த புல் எங்களுக்குச் சொந்தம் என்பதால் தினமும் மத்தியானம் அதைத் தலைச்சுமையாக லாயத்துக்குக் கொண்டுபோவார். மாமா காலையில் மட்டும் அறுத்துவிட்டு, வலையோடு ஏரிக்குப் போய்விடுவார். அவர் அம்மாவின் தம்பி. சரிவில் பாதியைத் தன் பேருக்கு விடும்படி ஒருநாள் கேட்டுவிட்டார். அன்றிலிருந்து அவர் தும்மினால்கூட நைனா திரும்பிப் பார்ப்பார்.

கோட்டைக்காரர்கள் போட்ட கட்டளை ஒன்றே ஒன்று. பந்துத் தரையில் மீனோ வலையோ காயக்கூடாது. கண்டால் அன்றோடு வேலை போய்விடும். கட்டுமரமும் இல்லாத எங்களுக்கு அப்புறம் பட்டினிதான்.

அம்மாவுக்கு மட்டும் அந்தத் தரையைப் பார்க்கும்போதெல்லாம் கை பரபரத்தது. குப்பத்து மணலில் காயவைக்கிற மடவைக் கருவாட்டில் மணல் ஒட்டிக்கொள்ளும். வியாபாரி ஒரு துண்டைக் கடித்துப் பார்த்துத் துப்பிவிட்டுப் போவார். பந்துத் தரையிலோ ஒட்ட அறுத்த புல், பொட்டு மணல் கிடையாது. துரைமார் மத்தியானம் சாப்பிட்டுத் தூங்குகிறவர்கள். நைனா லாயத்துக்குப் போனதும் நானும் அம்மாவும் உப்பில் ஊறிய மடவையைப் பானையோடு தூக்கிக்கொண்டு தாழைச் சந்து வழியாக நுழைவோம். மீனைப் பரப்பிவிட்டு, பானையில் மிஞ்சின உப்புத் தண்ணீரை நான் அங்கேயே கவிழ்ப்பேன். காவல் சிப்பாய்க்கு நாலு மடவை கொடுத்தால் ஏரியில் கொக்கு எத்தனை என்று பார்க்கப் போய்விடுவார். நிழல் சாய்வதற்குள் வாரி எடுத்துவிடுவோம். மீன் வாடை காட்டிக்கொடுக்காதா என்றால், எங்கள் ஊரில் மீன் வாடை அடிக்காத இடத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

மாசி மாதம் பந்துத் தரையில் மஞ்சள் திட்டு விழுந்தது. முதலில் உள்ளங்கை அகலம். பத்து நாளில் பாய் அகலம். அறுத்த புல் திரும்ப எழும்பவேயில்லை. நைனா மண்டியிட்டு முகர்ந்து பார்த்தார்.

“எவனோ இன்னாவோ பண்றான்” என்றார்.

அன்று முதல் நான் வேவு பார்க்க ஆரம்பித்தேன். சாயங்காலம் வந்ததும் நைனா கேட்பார்: “நான் போனப்புறம் யாராச்சும் வந்தாங்களா?”

“யாரும் வரல நைனா.”

சத்தியமாக நான் பொய் சொல்லவில்லை. நானும் அம்மாவும் எப்போது யாரோ ஆனோம்?

“உங்க மாமன் பானையில இன்னா வச்சிக்கிறான்னு பாரு” என்று ஒருநாள் சொல்லி அனுப்பினார். திறந்து பார்த்தேன். கஞ்சிதான் இருந்தது. அதுவே எனக்குச் சந்தேகமாகப் பட்டது. வெறும் கஞ்சிக்கு எதற்கு இத்தனை பெரிய மூடி? மாமா என்னைப் பார்த்து, “இன்னாடி, பசிக்குதா?” என்று பாதியை எனக்கு ஊற்றிக் கொடுத்தார். குடித்தேன். குடித்துவிட்டு, அவர் என்னை மயக்கப் பார்க்கிறார் என்று நைனாவிடம் சொன்னேன்.

கடைசியில் பெரிய துரையே வந்து திட்டுகளைக் கைத்தடியால் தட்டிப் பார்த்தார். துபாஷி எங்களுக்குத் தமிழில் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைக்குள் யார் செய்தது என்று தெரிய வேண்டும், இல்லாவிட்டால் புல் வேலை வேறு ஆளுக்கு. நைனாவுக்கு யோசிக்க ஒரு மூச்சுகூடத் தேவைப்படவில்லை. விரலை நீட்டி, “இவன்தாங்க. பங்கு கேட்டான், தரல. அந்த வயித்தெரிச்சல்” என்றார்.

மாமா சிரித்துவிட்டார். அவருக்குக் கோபம் வந்தாலும் அந்தச் சிரிப்புதான். குந்தி உட்கார்ந்து காய்ந்த புல்லில் ஒரு கொத்தைப் பிடுங்கி, பழக்கதோஷத்தில் வாயில் வைத்து மென்றார். மென்றுகொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார். தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தார். காலைக் கஞ்சி கொண்டுவந்திருந்த அம்மா, கலயத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தரையையே பார்த்தபடி நின்றாள்.

மாமா புல்லைத் துப்பிவிட்டு எழுந்தார். “நான்தாங்க. ஏரித் தண்ணிய மொண்டாந்து ஊத்தினேன். பங்கு தரலன்னு ஆத்திரம்.”

“கேட்டீங்களா, கேட்டீங்களா!” என்று நைனா குதித்தார். எனக்கும் குதிக்கத் தோன்றியது. இனி மாமா கோட்டை நிலத்தில் கால் வைக்கக்கூடாது, அவர் பிடித்த மீனைக் கோட்டைக்குள் யாரும் வாங்கக்கூடாது என்று துபாஷி சொன்னார். எங்கள் வேலை பிழைத்தது. அன்றைக்கு அம்மா கலயத்தை அப்படியே திருப்பி எடுத்துப் போனதையும், அதன்பிறகு பந்துத் தரைக்கு மீன் கொண்டுபோகவே இல்லை என்பதையும் நான் கவனிக்கத்தான் செய்தேன். மாமாவின் கெட்ட எண்ணம் பட்ட இடம், அதனால்தான் என்று நானாகவே ஒரு காரணமும் வைத்துக்கொண்டேன்.

கல்யாணமாகிப் பொன்னேரிப் பக்கம் போய், கருவாட்டுப் பானையைக் கழுவிக் கொல்லையில் ஊற்றி, அந்த இடத்துக் கீரை மொத்தமும் கருகியபோதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. கீரைப் பாத்தியிலேயே உட்கார்ந்துவிட்டேன். குப்பத்து மணலில் நாங்கள் எதை நட்டோம், எதை வளர்த்தோம், உப்பு பச்சையைத் தின்னும் என்று தெரிவதற்கு? அம்மாவுக்கே அன்றுதான் தெரிந்திருக்கும், மாமா மென்றதைப் பார்த்தபோது.

ஆனால் இதெல்லாம் பின்னால். அந்த வருஷம் ஆவணியில் நல்ல மழை பிடித்தது. பந்துத் தரையில் திட்டு இருந்த இடம் தெரியாமல் பச்சை மூடிவிட்டது. நைனா தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனார். அவன் தொலைந்தான், புல் வந்தது, இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும் என்று கேட்டார். 

கோட்டையில் மீன் விற்க முடியாமல் போனதால் மாமா தோணிரேவு என்ற ஊருக்குக் குடிபோவதாக முடிவு செய்திருந்தார். போகிற நாள், நைனா லாயத்துக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா சோறு போட்டாள். குழம்பில் இருந்த மீனையெல்லாம் அவர் தட்டிலேயே வைத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“உனக்குத் தெரியுமா மாமா? நீ வேலைய வுட்டுப் போனதும் புல்லு நல்லா வந்துட்ச்சி” என்றேன், அவருக்கு உறைக்க வேண்டும் என்று.

“வரும்டி கண்ணு. இனிமே நல்லாவே வரும்” என்று மாமா சிரித்தார்.

அம்மாவின் கை என் கன்னத்தில் விழுந்தது. அதற்குமுன் அவள் என்னை அடித்ததே இல்லை. அடித்துவிட்டு அவளே முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். மாமா சாப்பிடுவதை நிறுத்தி, “வுடுக்கா, கொழந்த அது” என்றார். நான் வாசலுக்கு ஓடி நைனா வருகிறாரா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. நிஜத்தைச் சொன்ன என்னை அடித்துவிட்டு, தப்பு செய்த மாமாவுக்கு இன்னொரு கரண்டி சோறு ஏன் போடுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை.