ஜெனீனும் வளைந்துகொடுக்கும் ஒப்பந்தமும்

பெயர்ப்பட்டையைப் பல்லில் கடித்தபடி, சீருடைச் சட்டையின் ஒரு கையை மட்டும் மாட்டிக்கொண்டு ஜெனீன் பேருந்திலிருந்து இறங்குகிறாள். கடை வாசலை எட்டுவதற்குள் மறு கையும் ஏறிவிடும், பட்டை மார்புக்கு வந்துவிடும், மகள் ஹெட்டி மிச்சம் வைத்த ரொட்டி ஓரம் வாய்க்குள் போய்விடும். அதுதான் அவளுடைய காலைச் சாப்பாடு.

இங்கிலாந்தின் ராச்டேல் ஊர் சூப்பர் மார்க்கெட்டில் அவளுக்கு அடுத்த கல்லா என்னுடையது. அவளுக்கு வாரத்தில் பத்து மணி நேர வேலைதான் உறுதி. மற்றதெல்லாம் கடை கூப்பிட்டால் உண்டு. வளைந்துகொடுக்கும் ஒப்பந்தம் என்று அதற்குப் பெயர். யாராவது காய்ச்சலில் படுத்தால் ஜெனீனின் கைபேசி துடிக்கும். ஹெட்டிக்குப் பள்ளி உண்டா, சின்னவன் ராஃபியைப் பார்த்துக்கொள்ளும் மோரீனுக்கு இடுப்பு வலியா, லாரி ஓட்டும் கணவன் கிரேக் எந்த ஊரில் இருக்கிறான் என்று மனசுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பெரும்பாலும் "வர்றேன்" என்பாள்.

"ரெண்டு பிள்ளைங்க, ஒரு புருஷன், ஒரு கடை. நாலும் ஒரே நேரத்துல அழுவுதுடி" என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள்.

மாவு மூட்டையைத் தோளில் சாய்த்துத் தூக்கினால் அவள் கை தானாக அதன் முதுகைத் தட்டும். "தூங்கிடுச்சாம்மா?" என்று ஒரு கிழவர் கேட்டார். "இப்பத்தான் கண்ணசந்துது செல்லம், மெல்லப் பேசுங்க" என்று கிசுகிசுத்துவிட்டு மூட்டையை அலமாரியில் பதமாகப் படுக்க வைத்தாள்.

போன மாதம் டங்கன் புது மேலாளராக வந்தான். சின்ன வயசு, தினமும் கழுத்துப்பட்டை. வாரத்தில் இரண்டு மாலையாவது கடையில் நிற்காதவர்களுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டான். பத்து மணி நேரச் சம்பளத்தில் ஜெனீனின் வீட்டு வாடகைகூடத் தேறாது. மாலையிலோ மோரீன் பிள்ளைகளை வைத்துக்கொள்ள மாட்டாள். பேசித் தீர்க்க வியாழக்கிழமை வரச் சொன்னான், சரியாகப் பள்ளி விடுகிற நேரத்துக்கு.

"அந்நேரம் முடியாதே" என்றாள் ஜெனீன்.

"வளைஞ்சு கொடுக்குற ஒப்பந்தம்தானே? கொஞ்சம் வளையுங்களேன்."

"சரி, வளையறேன்."

வியாழனன்று இரண்டு பிள்ளைகளோடும் வந்து நின்றாள். துணைக்கு ஒருவர் வரலாம் என்பதால் நானும் டங்கனின் அறைக்குள் போனேன். "ஒரு நிமிஷம் பிடிங்க, கோட்டைக் கழட்டிக்கறேன்" என்று ராஃபியை டங்கன் மடியில் வைத்தாள். அன்று பகல் தூக்கம் போடாத ராஃபி கழுத்துப்பட்டையின் நுனியை வாயில் வைத்து இரண்டு சப்புச் சப்பினான். அப்படியே தூங்கிப்போனான்.

"அம்மா சாயங்காலம் கடையில நின்னா, நீங்க எங்க வீட்டுக்கு வந்து எங்களைப் பாத்துப்பீங்களா?" என்று ஹெட்டி அக்கறையாகக் கேட்டாள். டங்கன் காது சிவந்தது.

அப்போது பால் லாரி வந்திருப்பதாகக் கதவைத் தட்டிச் சொன்னார்கள்.

"இப்ப வர முடியாது" என்றான் டங்கன், கிசுகிசுப்பாக.

"ஏன்?" என்று கதவுக்கு வெளியிலிருந்து கேட்டார்கள்.

"குழந்தை தூங்குது."

"சாயங்காலம் கூப்பிட்டா நானும் போன்ல இதைத்தாங்க சொல்றேன்" என்றாள் ஜெனீன்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. டங்கன் கூரையைப் பார்த்தான், ராஃபியைப் பார்த்தான். கடைசியில், வாரநாளில் பள்ளி நேரம் முழுக்க அவளுக்கு நிரந்தரம், மாலை வேண்டாம் என்றான். பதிலுக்குச் சனிக்கிழமை முழுநாளும் நிற்க வேண்டும். கிரேக் வீட்டில் இருப்பது அந்த ஒரு நாள்தான்.

"சரி" என்றாள் ஜெனீன்.

பிறகு குனிந்து, ராஃபியின் வாயிலிருந்து கழுத்துப்பட்டையை மெதுவாக உருவினாள். எச்சிலைத் தன் சீருடைக் கையில் துடைத்து, நீவிவிட்டு, மேலாளரின் முடிச்சை நேராக்கி, அவன் மார்பில் இரண்டு தட்டுத் தட்டினாள்.